நெய் விழுவதற்கு முன்

(திருவண்ணாமலையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பெருநகரத்தில் நனிசைவ விருந்து". அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "திருவண்ணாமலையில எங்கய்யா பெருநகரம்?" என்றார். 2024-ல் நம் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது, அரசாணைப்படி நாமும் மாநகரவாசிகள்தாம். அது கிடக்கட்டும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இறங்கும் ஜனத்துக்குச் சோறு போடுகிற ஊர், பந்தி விஷயத்தில் எந்தப் பெருநகரத்துக்கும் இளைத்ததல்ல. ஆகவே சென்னை, பெங்களூரு என்று சுற்றாமல் இங்கேயே நின்று பேசுகிறேன்.

நனிசைவம் என்றால் வீகன் உணவு என்பது இன்றைக்குப் பலருக்கும் தெரியும். கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் கிடையாது. கொஞ்சம் கண்டிப்பானவர்கள் பட்டும் தோல்செருப்பும் தொடமாட்டார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் தனியாகச் சங்கம் வைத்துத் தொடங்கிய இயக்கம் இது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் இதற்கென்று தனி விதிகள் கொண்டுவந்து, பொட்டலத்தில் அச்சிட ஒரு பச்சை முத்திரையும் கொடுத்திருக்கிறது. ஆக, இது ஏதோ நாலு பேருடைய கிறுக்கு என்று தள்ளிவிடும் கட்டம் தாண்டிவிட்டது.

ஆனால் நம் ஊரில் இதைப் பற்றிப் பேசினாலே ரமண நகர் பக்கம் கை காட்டுகிறார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம் சார்." நவம்பர் பிறந்தால் செங்கம் சாலையில் அவர்கள் நடமாட்டம் கூடும், பிப்ரவரி கடைசியில் வெயில் ஏற ஏறக் குறையும். அந்த மூன்று நான்கு மாதங்களுக்காகவே திறக்கிற கடைகள் இருக்கின்றன. ஓட்ஸ் பாலில் காபி, பாதாம் பாலில் பழக்கூழ், சியா விதை தூவிய கிண்ணம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ருசியாகவே செய்கிறார்கள். நம்மவர் அங்கே போவதில்லை என்பதும் உண்மை. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த மேசைகளில் உட்கார்ந்தால் நாம் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறோம், நம் ஊரிலேயே. நான் சொல்ல வந்தது, நனிசைவம் அந்தக் கடைகளோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல என்பதுதான். இந்த ஊர்ப் பந்தியில் பாதிக்கு மேல் ஏற்கனவே அதுதான். நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பௌர்ணமி இரவில் ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி நடந்து பாருங்கள். அன்னதானப் பந்தலில் முதலில் கைக்கு வருவது புளியோதரை. நல்லெண்ணெய், மல்லாட்டை என்று நாம் சொல்லும் வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம். அதில் மாட்டுக்கு என்ன வேலை? அடுத்த பந்தலில் எலுமிச்சைச் சோறு. அதற்கடுத்து கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்ப்பல் போட்டு. தள்ளுவண்டியில் அவித்த மல்லாட்டை, வேகவைத்த மக்காச்சோளம், வள்ளிக்கிழங்கு. நள்ளிரவுக்கு மேல் கால் சோர்ந்து வரும்போது தூக்குப்பானையில் சுக்குமல்லிக் காபி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டது. வெயில் காலமானால் பானகம். இளநீர் எப்போதும் உண்டு. விடிகிற நேரத்தில் ஈசானிய லிங்கத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தால் ஆவி பறக்கும் இட்லி, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும். வழியெல்லாம் தின்றுகொண்டே வந்த ஒருவன், ஒரு சொட்டுப் பால் தொடாமல் மலையைச் சுற்றி முடித்திருப்பான். அவனுக்கே அது தெரிந்திருக்காது.

எங்கே இடறும் என்றும் சொல்ல வேண்டும். வெண்பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் நெய் இல்லாமல் இறங்காது. தயிர்ச்சோறு, நீர்மோர் தெரிந்ததே. ஓட்டல் சாம்பாரில் சில இடங்களில் கடைசியாக ஒரு கரண்டி நெய் விடுவார்கள். வெள்ளைக் குருமாவில் தயிர் இருக்கலாம், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம். தோசைக்கல்லில் முந்தைய ஆளுக்கு ஊற்றிய நெய் மிச்சமிருக்கும். இதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. நான் கேட்பேன், சொன்னதை நம்புவேன், சாப்பிடுவேன். அதற்கு மேல் துருவுகிறவர்களைக் கண்டால் எனக்கே அலுப்பு.

கார்த்திகைக்கு வாருங்கள். வீட்டில் அன்றைக்குச் செய்வது பொரி உருண்டை: நெல்பொரியோ அவல்பொரியோ, வெல்லப்பாகு, தேங்காய்ப்பல், சுக்கு, ஏலம். கூடவே அடை. இவை பிறவியிலேயே நனிசைவம். அதே நாள் மாலை 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் ஏறுவது 3,000 கிலோவுக்கு மேல் நெய். இரண்டும் ஒரே ஊர், ஒரே நாள். தீபத்தை நான் கை எடுத்துக் கும்பிடுகிறேன், அதில் எனக்குச் சிக்கல் இல்லை. "நெய் வேண்டாம் என்கிறவன் திருநீறு மட்டும் பூசலாமா, அதுவும் சாணம்தானே" என்று மடக்குவார்கள். பூசலாம் என்றுதான் நினைக்கிறேன். சாணத்துக்காக எந்த மாடும் கன்றைப் பிரிவதில்லை.

பால் இந்த ஊர் நினைவில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு ரமணர் வரலாறே சாட்சி. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயதில் இங்கே வந்து இறங்கினார். கோயிலுக்குள் உடம்பு நினைவே இல்லாமல் கிடந்த நாட்களில் அவர் உயிரைப் பிடித்துவைத்தது என்ன? அம்மன் சந்நிதியில் அபிஷேகம் ஆகி வழிந்த பால். மஞ்சளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்த அந்தப் பாலை மௌன சாமியார் ஒருவர் கொண்டுவந்து புகட்டினார். பார்த்த அர்ச்சகர் மனம் பொறுக்காமல், இனி நல்ல பாலாகவே கொடுங்கள் என்று ஏற்பாடு செய்தார். இந்த ஊர் அவருக்கு ஊட்டிய முதல் உணவுகளில் ஒன்று பால்.

பிறகு மலைமேல் போனார். அங்கே குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் இருந்த ஒரு மூதாட்டி, மலையெல்லாம் சுற்றிக் கீரை பறித்து, ஆக்கி, அவருக்குக் கொண்டுவருவார். கீரைப் பாட்டி என்றே பெயர் நின்றுவிட்டது. கையில் காசில்லாத ஒரு பாட்டி, மலை கொடுத்ததை வைத்து நடத்திய விருந்து அது. எந்த மாட்டையும் கறக்கவில்லை. பின்னாளில், 1926-ல், ஆசிரமத்துக்கு லட்சுமி என்ற கன்று வந்தது. கீரைப் பாட்டிதான் லட்சுமியாகத் திரும்பி வந்தாள் என்று அன்பர்கள் இன்றும் நம்புகிறார்கள். 1948 ஜூன் 18-ல் அந்தப் பசு இறந்தபோது ரமணர் பக்கத்திலேயே இருந்தார். நாய், மான், காக்கையின் சமாதிகளோடு அதன் சமாதியும் ஆசிரமத்தில் இருக்கிறது, போனால் பாருங்கள். பசுவை உறவாகவே நடத்திய இடம். கோசாலையும் அங்கேதான் இருக்கிறது, அன்பர்களுக்குப் பாலும் தருகிறார்கள். முரண்பாடு என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. மாட்டை இவ்வளவு தூரம் மனுஷி மாதிரி நினைத்த ஊரில், பாலைப் பற்றிய கேள்வி எங்கிருந்தோ இறக்குமதியானது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இதைவிடப் பழைய சாட்சியும் நம் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. போளூருக்குப் பக்கத்தில் திருமலை, வந்தவாசிப் பக்கம் பொன்னூர். அந்த வட்டாரத்துச் சமணக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தேன் தொடாதவர்கள். தேனெடுப்பதில் உயிர் போகிறது என்பதே காரணம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள், விளக்கில் பூச்சி விழும் என்று. வாட்சன் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே தேன் வேண்டாம் என்று சொன்னவர்கள் நெல்லும் உளுந்தும் விளைவித்துக்கொண்டு நமக்குப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்திருக்கிறார்கள். பாலை அவர்கள் விடவில்லை, அது வேறு. பட்டுக்கும் இப்படியொரு கதை உண்டு. ஆரணிப் பட்டு நம் மாவட்டத்துப் பெருமை. ஆனால் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பதால் பட்டு வேண்டாம் என்று சொல்லிவந்தவர் காஞ்சிப் பெரியவர். முகூர்த்தப் புடவை எடுக்கும்போது மட்டும் அந்தச் சொல் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சரி, பால் ஏன் வேண்டாம்? பசு தானாகச் சுரப்பதைத்தானே எடுக்கிறோம் என்று பாட்டிமார் கேட்பார்கள். என் பாட்டன் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பசு ஈன்றது கிடேரி என்றால் பாலுக்கு, காளைக்கன்று என்றால் ஏருக்கு, வண்டிக்கு. இரண்டுக்கும் வீட்டில் இடமிருந்தது. டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை போய்விட்டது. ஆனால் கன்று ஈனாமல் பால் சுரக்காது. சினை ஊசி போட்டு வருஷத்துக்கு ஒரு கன்று, அதில் பாதி காளை. கலப்பினக் காளைக்கன்று எங்கே போகிறது என்று சந்தைக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். அடிமாடு என்ற சொல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1998 முதல் உலகிலேயே அதிகம் பால் கறக்கிற நாடு நாம். அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இந்தக் கன்றுகள் நிற்கின்றன. நான் பாலை விட்டதற்குக் காரணம் இதுதான், வேறு தத்துவம் ஒன்றுமில்லை.

ஆனால் இதே மேடையில் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. நம் மாவட்டத்தில் இரண்டு மாடு வைத்துக் காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற அம்மாக்கள் எத்தனை பேர்! மழை பொய்த்த வருஷம் மல்லாட்டை காய்ந்தால் அந்தப் பால் பணம்தான் அடுப்பை எரிக்கிறது. அந்த அம்மாவைப் பார்த்து "நீ செய்வது பாவம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் தட்டில் என்ன விழ வேண்டும் என்று சொல்லலாம், அவள் தொழுவத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது கல்யாணப் பந்திக்கு வருகிறேன், ஏனென்றால் நனிசைவனுக்குச் சங்கடம் ஓட்டலில் இல்லை, உறவில்தான். இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு, வடை, அப்பளம். பச்சடி தயிரில் இருந்தால் மட்டும் கை நீட்டித் தடுக்கலாம், மற்றதில் பெரும்பாலும் தடையில்லை. சோறு வந்தது, பருப்பு வந்தது. அதன் பின்னாலேயே நெய்க்கிண்ணத்தோடு பெண்ணின் தாய்மாமன் வருகிறார். இலைமேல் கையை வைத்து மூடினால், "அட, ஒரு சொட்டு விட்டுக்கோங்க மாப்ள, வெறும் பருப்பு எப்பிடி எறங்கும்?" என்பார். வேண்டாம் மாமா என்றால், "சர்க்கரையா?" என்று இரக்கத்தோடு கேட்பார். இல்லை என்றால், "அப்புறம் இன்னா, சாமிக்கு விட்டுட்டீங்களா?" காசிக்குப் போய் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. நம்மில் அது யாரும் மறுக்க முடியாத காரணம். நோய், விரதம், நேர்த்தி இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் பந்தி உடனே மதித்து ஒதுங்கும். மாட்டுக்காக என்று சொன்னால்தான் முழிக்கும். நான் மாட்டுக்காக என்றே சொல்கிறேன். இரண்டு கல்யாணம் போனால் மூன்றாவதில் மாமாவே, "அவுருக்கு நெய் விடாதீங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிடுகிறார். நம் உறவு முறையின் அழகு அது. முதலில் கேலி செய்யும், பிறகு காவல் நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நகரத்து நண்பர்கள் சிலர், நிகழ்ச்சிகளில் நனிசைவர்களுக்குத் தனி வரிசை, தனி மேசை வேண்டும் என்கிறார்கள். வேண்டாம். தமிழ்நாட்டில் தனிப்பந்தி என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைக் கேட்கக் கூடாது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால் 1924–25-ல் காங்கிரஸே பிளந்து நின்றது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய அந்தக் கேள்வி இன்றைக்கும் ஆறவில்லை. நம் ரமணாசிரமத்து உணவுக்கூடத்திலேயே அந்தக் காலத்தில் ஒரு தடுப்பு இருந்தது. ஆசாரம் பார்க்கிற பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ரமணர் இரு தரப்புக்கும் தெரியும்படி நடுவில் உட்கார்ந்தார். தமக்கு மட்டும் கூடுதலாக எதையும் பரிமாற விடமாட்டார். விடியுமுன்னே சமையலறைக்கு வந்து காய் நறுக்குவார், தோலையும் காம்பையும் எறிய விடமாட்டார். ஆசிரமத்தில் சாதுக்களுக்குச் சோறு கொடுத்த பிறகே உள்ளே பந்தி போடுகிற வழக்கம் இன்றைக்கும் தொடர்கிறது.

கொல்லாமையைப் பேசியவர் ஒருவர், பந்தியில் சாதி பாராமையையும் சேர்த்தே பேசினார். வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உள்ளே வருகிறவனிடம் பசிக்கிறதா என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. சைவ உணவு நம் நாட்டில் பல சமயம் உயிர் இரக்கமாக இல்லாமல் தீட்டுக் கணக்காகவே இருந்திருக்கிறது. கறி தின்கிறவனுக்கு வீடு வாடகைக்குக் கிடையாது என்று பலகை மாட்டுகிறவர் தினமும் அரைப்படி தயிர் ஊற்றிச் சாப்பிடுவார். நனிசைவமும் அந்தப் பாதையில் போய், நெய் தின்கிறவனை ஒரு படி கீழே பார்க்கத் தொடங்கினால், அது தொடங்காமலே இருந்திருக்கலாம். சாத்தனூர் அணைக்குப் போனால் என் மச்சான்கள் மீன் வறுவல் கடையில் உட்காருவார்கள். நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிக்கிறேன். இடம் மாற மாட்டேன்.

சென்னை, பெங்களூரு நண்பர்கள் நடத்துகிற 'பாட்லக்' விருந்து பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துவந்து, கூடி உட்கார்ந்து உண்பது. ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டி ஆற்றங்கரைக்குப் போன நமக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, புளிச்சோறு, மாங்காய்ச்சோறு எல்லாம் கைவசம் உண்டு. தயிர்ச்சோற்றுக்குத்தான் மாற்று வேண்டும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். நம் மண் மல்லாட்டை மண். ஒரு டம்ளர் பச்சை மல்லாட்டையை இரவு ஊறவைத்து, காலையில் தோல் நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மை போல அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். பொங்கி வரும், பக்கத்தை விட்டு நகராதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவிடுங்கள். வெயில் நாளில் எட்டு மணி நேரம், மார்கழியில் இன்னும் கொஞ்சம். உறைந்துவிடும். முதல் தடவை தளர்வாகத்தான் வரும், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததை உறையூற்றினால் கெட்டிப்படும். மாட்டுத் தயிர் மாதிரியே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மல்லாட்டை வாசம் போகாது. வெறுமனே சோற்றில் பிசைந்தால் எனக்கே பிடிப்பதில்லை. ஆனால் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து மோர்க்குழம்பு வைத்தால் வித்தியாசம் தெரியாது. தேங்காய்ப்பாலில் செய்த பருப்புப் பாயசமோ பசும்பால் பாயசத்தைவிட ஒரு படி மேல், இதில் நான் யாரோடும் வாதிடத் தயார். ஜவ்வாது மலைச் சாமையில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்கிற இனிப்புப் பொங்கலைச் சாப்பிட்டவர்கள் நெய்யைத் தேடுவதில்லை. முந்திரியைக் கடலையெண்ணெயில் வறுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வைத்தியர் சொல்லும் ஒரு பேச்சு: பி12 என்ற வைட்டமின் செடிகொடியில் கிடைக்காது. பால், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டவர்கள் மாத்திரையாகவோ அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் மெல்ல வரும், வந்தபின் வருந்திப் பயனில்லை. மூலிகையில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று மலை அடிவாரத்தில் விற்கிறவர்களை நம்பாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்குப் பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. பொங்கலை நிறுத்தச் சொல்லவில்லை, தயிர்ச்சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பாரிலும் ரசத்திலும் நெய்யை அண்டாவிலேயே கொட்டாமல், தனிக் கிண்ணத்தில் வைத்து இலையில் விடுங்கள். தாளிப்பதை எண்ணெயில் தாளியுங்கள். செலவும் குறையும். "பால், நெய் சேராதது" என்று எந்தப் பாத்திரத்துக்கு எதிரே எழுத முடியுமோ அங்கே சாக்பீஸில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சர்க்கரைக்காரர், பால் ஒத்துக்கொள்ளாதவர், விரதக்காரர், என்னைப் போன்றவர் எல்லோருக்கும் அந்த ஒரு வரி உதவும்.

கூட்டம் முடிந்ததும் கீழே பட்டாணிச் சுண்டலும் சுக்குக் காபியும் வைத்திருக்கிறார்கள். பால் காபி வேண்டுமென்றால் எதிர்க்கடை ஒன்பதரை வரை திறந்திருக்கும். கேள்வி கேட்கிறவர்கள் இப்போதே கேட்டுவிடுங்கள், சுண்டல் ஆறிவிடும்.